தச்சு வேலை பார்த்த சக்கரவர்த்தி

1620-ல் சீனாவின் மிங் வம்ச சிம்மாசனத்தில் ஏறியபோது தியான்சி சக்கரவர்த்திக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை. ஆட்சியில் அக்கறை இல்லை. உளி, ரம்பம், இழைப்புளி கையில் இருந்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். அரண்மனைக்குள்ளேயே விதவிதமாக மரச்சாமான்கள் செய்துகொண்டிருந்தார். நல்ல வேலைக்காரர் என்றே அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன.

பையனைக் குறை சொல்ல முடியாது. சீன மரச்சாமான்களுக்கு அது பொற்காலம். கடல் வணிகத்துக்கு இருந்த தடையை 1567-ல் அரசு தளர்த்த, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து உயர்ந்த ஜாதி மரங்கள் கப்பலில் வந்திறங்கின. ஹைனான் தீவிலிருந்து ஹுவாங்ஹுவாலி வந்தது. நம்மூர் ஈட்டி மரத்துக்குப் பங்காளி! தேன் நிறம், நல்ல உறுதி, மேலே அலை அலையாக ரேகை.

சீனத் தச்சர்கள் ஆணியை நம்பவில்லை. ஒரு கட்டையின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொன்றில் அதற்கேற்ற துளை போட்டு, கச்சிதமாகச் செருகிவிடுவார்கள். பூட்டு உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே மெல்லிய கோடுதான் தெரியும்.

பெரிய சூட்சுமம் மேஜைப் பலகையில் இருக்கிறது. ஈரத்தில் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவு சாத்த மாட்டேன் என்று அடம்பிடிக்கிறதே, அதே சமாசாரம். பலகையை நாலு பக்கமும் முடுக்கி வைத்தால் ஒருநாள் வெடித்துவிடும். அதனால் சுற்றுச் சட்டத்தில் காடி வெட்டி, பலகையின் ஓரத்தை அதற்குள் ஒட்டாமல் செருகுவார்கள். பலகை உள்ளேயே நகர்ந்துகொள்ளும். எதை இறுக்குவது, எதை விட்டுப்பிடிப்பது என்று தெரிந்தவன்தான் தச்சன்.

அந்த வித்தையைச் சக்கரவர்த்தி நாட்டில் காட்டவில்லை. ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர் வேய் சோங்சியன் பலே ஆள். சக்கரவர்த்தி இழைப்பில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்துத்தான் அரசாங்கக் காகிதங்களோடு வந்து நிற்பார். 'நீயே பார்த்துக்கொள்' என்று பதில் வரும். பார்த்துக்கொண்டார். 1624-ல் யாங் லியான் என்ற அதிகாரி, வேய் செய்த 24 குற்றங்களைப் பட்டியல் போட்டு மனு கொடுத்தார். பலன்? அடுத்த வருடமே சிறையில் சித்திரவதைப்பட்டுச் செத்தார்.

தியான்சி 1627-ல், 21 வயதில் இறந்தார். 1644-ல் கலகப் படை பெய்ஜிங்குக்குள் நுழைய, பட்டத்துக்கு வந்திருந்த அவர் தம்பி அரண்மனைக்குப் பின்னால் உள்ள குன்றில் தூக்குப் போட்டுக்கொண்டார். 276 வருட ஆட்சி சரிந்தது.

மிங் காலத்து நாற்காலிகளை ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். ஆணி இல்லாமல், ஆடாமல் நிற்கின்றன.