நிலக்கரிக்கும் படைக்கும் இட்ட பாதை: கியூஷுவின் ரயில்களும் வெந்நீர் ஊற்றுகளும்

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் தென்மேற்கில் அமைந்தது கியூஷு. இன்று அங்குச் செல்லும் பயணி பெரும்பாலும் வடக்கிலுள்ள ஹகதா நிலையத்தில் இறங்குகிறார். சில நாள்களுக்குரிய ரயில் பாஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். மலை சூழ்ந்த யுஃபுயின், தெருவெங்கும் நீராவி எழும் பெப்பு, அசோ எரிமலையின் அகன்ற வாய், தெற்கே ககோஷிமா விரிகுடாவுக்கு அப்பால் புகைந்துகொண்டிருக்கும் சகுராஜிமா என அந்தச் சுற்று அமைகிறது. சாளரத்துக்கு வெளியே காணும் இயற்கைக்காகவே இந்தத் தண்டவாளங்கள் போடப்பட்டன என்று எண்ணத் தோன்றும். ஆனால் இவற்றுள் முதன்மையான சில பாதைகள் நிலக்கரியை ஏற்றவும் படையை நகர்த்தவும் அமைக்கப்பட்டவை. சுற்றுலா விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. எந்தப் பாதை பிழைக்க வேண்டும், எதைக் கைவிடலாம் என்று அத்தீவில் இன்று நடக்கும் வழக்கோ இந்தப் பழைய கணக்கை அறியாமல் விளங்காது.

கியூஷு ரயில்வே என்ற தனியார் நிறுவனம் 1888இல் தோன்றியது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ரும்ஷோட்டல் அதன் ஆலோசகர். ஹகதாவிலிருந்து தெற்கே சிதோசே ஆற்றங்கரைத் தற்காலிக நிலையம் வரையிலான முதற்பகுதி 1889 டிசம்பர் 11இல் திறக்கப்பட்டது. பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர். நம் மீட்டர் பாதையைவிடச் சற்றே அகலமானது. 1891இல் பாதை தீவின் வடமுனையிலுள்ள மோஜி துறைமுகத்தை எட்டியது. அங்குக் கட்டப்பட்ட நிறுவனத் தலைமையகத்தின் செங்கல் கட்டடம்தான் இன்று ரயில் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1906இன் தேசியமயச் சட்டத்தைத் தொடர்ந்து 1907இல் நிறுவனம் அரசுடைமையாயிற்று.

அந்த நிறுவனத்தைச் செழிக்கவைத்தது மோஜிக்குத் தெற்கே ஒங்கா ஆற்றின் படுகையில் கிடந்த சிகுஹோ நிலக்கரி வயல். ரயில் வருமுன் கரி அங்கிருந்து தட்டையான ஆற்றுப்படகுகளில் இறங்கியது. 1891இல் வகமாட்சு துறைமுகத்திலிருந்து நோகதாவுக்குப் பாதை போடப்பட்டது. பாதையை இட்ட நிறுவனம் 1897இல் கியூஷு ரயில்வேயுடன் இணைந்தது. மெய்ஜி காலத்தின் பிற்பகுதியில் ஜப்பானின் நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி சிகுஹோவிலிருந்து வந்தது. 1901இல் அரசின் எஃகு ஆலை யவாதாவில் எழுந்ததற்கு இக்கரியின் அண்மை ஒரு முதன்மைக் காரணம். குழி தோன்றிய இடமெல்லாம் கிளைப்பாதை சென்றது. சிகுஹோவின் ரயில் வரைபடம் ஊர்களை இணைக்கும் வரைபடமாக இல்லாமல், மரத்தின் வேர்போலக் கரியைத் தேடிச் சென்ற வரைபடமாக இருந்தது. பின்னாளில் கரி தீர்ந்தபோது அந்தப் பாதைகளைக் காப்பாற்ற ஆளில்லாமல் போனதற்கு இதுவே காரணம் எனலாம்.

அக்குழிகளின் உள்வாழ்வை வரைந்து வைத்தவர் யாமாமோதோ சாகுபெய். சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கி, முதுமையில் தூரிகை எடுத்தவர் அவர். நினைவிலிருந்து நூற்றுக்கணக்கான ஓவியங்களை வரைந்தார். படுத்தபடி கரி வெட்டும் கணவன், கூடையை இழுக்கும் மனைவி, வேலை முடிந்து கரிபடிந்த நீரில் எல்லோரும் சேர்ந்து குளிக்கும் தொட்டி ஆகியவற்றையெல்லாம் அவற்றில் காணலாம். 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஜப்பானிலிருந்து முதன்முதலில் சேர்ந்தவை இவ்வோவியங்களே. கியூஷுவின் குளியல் மரபைப் பற்றி எழுதுவோர் மரத்தொட்டியையும் மலைக்காட்சியையும் எழுதுகிறார்கள். சாகுபெய் வரைந்த தொட்டியை எவரும் எழுதுவதில்லை.

கரியின் பணம் வேறொரு குளியலுக்குப் போயிற்று. கிழக்குக் கடற்கரையிலுள்ள பெப்பு சிகுஹோ முதலாளிகளின் ஓய்வூர்களுள் ஒன்று. எளிய குடும்பத்தில் பிறந்து, முறையான கல்வியின்றிக் கரியால் பெருஞ்செல்வரான இதோ தென்எமோன் அங்கு ஒரு மாளிகை கட்டினார். அவருடைய மனைவி, உயர்குடியில் பிறந்த கவிஞர் யானகிஹாரா பியாகுரென். 1920இல் அந்த மாளிகையில்தான் மியாசாகி ரியூசுகே என்ற இளைஞரை அவர் சந்தித்தார். அடுத்த ஆண்டு அவருடன் வாழக் கணவரை விட்டு வெளியேறினார். கணவருக்கு அவர் விடுத்த பிரிவுக் கடிதம் நாளிதழில் வெளியாகி நாட்டையே அதிரவைத்தது. சுரங்கமும் செய்தித்தாளும் வெந்நீர் ஊற்றும் ஒரே கதைக்குள் வந்து சேர்ந்த அரிய தருணம் அது.

பெப்பு வளர்ந்த விதம் சற்றே மாறுபட்டது. வெந்நீர் தோன்றும் இடங்கள் அங்கு 2,000க்கும் மேல். ஜப்பானில் வேறெந்த ஊரிலும் இத்தனை இல்லை. ரயில் 1911இல் வந்தது. மறு ஆண்டே ஒசாகாவிலிருந்து உள்கடல் வழியே பெரிய பயணியர் கப்பலும் வரத்தொடங்கியது. இரண்டும் கொண்டுவந்த கூட்டத்தைச் சுற்றுலாவாக மாற்றியவர் அபுராயா குமஹாச்சி. அரிசி வணிகத்தில் பொருளீட்டி, ஊக வணிகத்தில் அதை இழந்து, அமெரிக்காவரை சென்று திரும்பிய இவர் 1911இல் பெப்புவில் சிறு விடுதி ஒன்றைத் தொடங்கினார். சேறும் நீராவியும் கொதித்தெழும் குளங்களை அவ்வூரார் ‘நரகங்கள்’ என்று அழைத்தனர். உழவுக்கு உதவாத நிலம் என்று வெறுத்தும் வந்தனர். அந்த நரகங்களைச் சுற்றிக் காட்ட 1928இல் அபுராயா பேருந்துகளை ஓட்டினார். இளம்பெண்களை வழிகாட்டிகளாக அமர்த்தினார். ஜப்பானின் முதல் பெண் பேருந்து வழிகாட்டிகள் அவர்களே. இரு கைகளையும் உயர்த்தி வரவேற்கும் அவருடைய சிலை பெப்பு நிலையத்தின் முன் இன்றும் நிற்கிறது. அதே ஊரில் தரைப்படைக்கும் கடற்படைக்கும் மருத்துவமனைகள் இருந்ததையும், போரில் காயமுற்றோர் அங்கு வந்து தங்கியதையும் அந்தச் சிலை நினைவூட்டுவதில்லை.

படையின் கை இன்னும் தெளிவாகத் தெரிவது தெற்கே செல்லும் பாதையில். மோஜியையும் ககோஷிமாவையும் இணைக்கும் நெடும்பாதையை யாட்சுஷிரோவுக்குத் தெற்கே எவ்வழியில் கொண்டுசெல்வது என்ற கேள்வி எழுந்தது. கடற்கரையோரம் சமதளமானது. உள்நாட்டு வழியோ குமா ஆற்றின் பள்ளத்தாக்கில் ஏறி, ஹிதோயோஷியைக் கடந்து, மலைத்தொடரைத் தாண்ட வேண்டியது. 1863இல் பிரித்தானியக் கப்பல்கள் ககோஷிமாவைக் குண்டுவீசி எரித்ததை நேரில் கண்டவர்கள் அப்போதும் உயிரோடிருந்தனர். கடலிலிருந்து சுடத்தக்க தொலைவில் பாதை செல்லக்கூடாது என்று படையினர் வலியுறுத்தவே, மலைவழி தேர்ந்தெடுக்கப்பட்டது. நீரின் இரைச்சலையும் மூங்கில் காட்டையும் வியக்கும் பயணி, எதிரியின் பீரங்கிக்கு அஞ்சி ஒளிந்துகொண்ட பாதையில்தான் பயணம் செய்தார்.

ஹிதோயோஷிக்கும் யோஷிமாட்சுக்கும் இடையிலான கடைசித் துண்டு 1909 நவம்பரில் திறக்கப்பட்டு, தீவின் வடமுனையும் தென்பகுதியும் இணைந்தன. அதன் நடுவே ஒகோபா என்ற சிறு நிலையம் உள்ளது. உயரத்தை எட்டுவதற்காகப் பாதை அங்கு ஒரு முழுவளையமாகச் சுழல்கிறது; அந்த வளையத்துக்குள்ளேயே ரயில் நின்று, பின்னோக்கி நகர்ந்து, மறுபடி முன்னோக்கி ஏறுகிறது. வளையமும் பின்னேற்றமும் தனித்தனியே பல இடங்களில் உண்டு. டார்ஜிலிங் மலைப்பாதையில் 1880களிலிருந்தே இரண்டையும் பார்க்கலாம். ஒன்றுக்குள் மற்றொன்றை அடக்கிய நிலையம் ஜப்பானில் ஒகோபா மட்டுமே.

அதற்கும் மேலே 2,096 மீட்டர் நீளமுள்ள யதாகே சுரங்கப்பாதை. அதன் வடவாயிலில் அமைச்சர் யாமாகாதா இசபுரோவின் எழுத்தும் தென்வாயிலில் ரயில்வே தலைவர் கோதோ ஷின்பெயின் எழுத்தும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இயற்கையின் செங்குத்தும் சமநிலம் போலாயிற்று என்பது ஒன்றின் பொருள். பெருஞ்சுமையை இழுத்துத் தொலைவு சேர்க்கலாம் என்பது மற்றொன்றின் பொருள். தைவானின் குடியேற்ற ஆட்சியையும் தெற்கு மஞ்சூரிய ரயில்வேயையும் நடத்திவிட்டு வந்தவர் கோதோ. இத்தகைய ஒருவரின் கையெழுத்து ஒரு மலைச்சுரங்கத்தின் நெற்றியில் இருப்பது, ரயிலும் பேரரசும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதைச் சொல்லும்.

1927இல் கடலோரப் பாதையும் முடிந்தது. தலைமைப்பாதை என்ற பெயர் அதற்குப் போயிற்று. மலைவழி ‘ஹிசாட்சு’ என்ற பெயரில் கிளைப்பாதையானது. போர் முடிந்து ஒரு வாரமே ஆன 1945 ஆகஸ்ட் 22 அன்று, வீடு திரும்பும் வீரர்கள் பிதுங்கி வழிந்த ரயில் ஒன்று மசாகி நிலையத்துக்கு அருகேயுள்ள சுரங்கப்பாதையில் ஏறமுடியாமல் நின்றுவிட்டது. புகையில் மூச்சுத்திணறியவர்கள் இறங்கி இருளில் வாயிலை நோக்கி நடந்தனர். அப்போது ரயில் பின்னோக்கி நகர்ந்தது. சுமார் 50 பேர் மாண்டனர். போரில் சாகாமல் தப்பி வந்தவர்கள் அவர்கள். மசாகி என்ற பெயரின் எழுத்துகளுக்கு ‘மெய்யான மகிழ்ச்சி’ என்று பொருள். பிற்காலச் சுற்றுலா ரயில்கள் அங்கு நிற்கும்போது, நடைமேடையில் தொங்கும் ‘மகிழ்ச்சி மணி’யைப் பயணியர் அடித்து மகிழ்வது வழக்கமாயிற்று.

படைக்கும் கரிக்கும் நேர்ப்பங்கில்லாத பாதையும் உண்டு. குருமேயிலிருந்து தீவின் குறுக்கே ஒயிதாவுக்குச் செல்லும் கியூதாய் பாதை இருமுனைகளிலிருந்தும் துண்டுதுண்டாக வளர்ந்து 1934இல்தான் முழுமை பெற்றது. அதற்காகப் பல்லாண்டு முயன்றவர்களுள் மதுவடிப்பாளர் அசோ கன்பாச்சியும் அரசியலாளர் எதோ இச்சிரோகுவும் குறிப்பிடத்தக்கவர்கள். நேராகச் சென்றிருக்க வேண்டிய பாதையை யுஃபுயின் பள்ளத்தாக்கினுள் வளைத்தவர் எதோ என்பது அவ்வட்டாரத்தார் கூற்று. யுஃபு மலையைப் பல கோணங்களில் காட்டும் அந்த வளைவை இன்றைய பயணியர் படமெடுக்கின்றனர். யுஃபுயின் மக்கள் பின்னரும் தம் ஊரைத் தாமே வடிவமைத்தனர். 1950களில் பள்ளத்தாக்கை மூழ்கடிக்கவிருந்த அணைத்திட்டத்தையும், 1970இல் சதுப்பு நிலத்தில் கோல்ஃப் திடல் அமைக்கும் திட்டத்தையும் எதிர்த்து நின்றனர். 1971இல் நகாயா கென்தாரோ, மிசோகுச்சி குன்பெய் உள்ளிட்ட விடுதிக்காரர்கள் ஜெர்மனியின் வெந்நீர் ஊர்களைப் பார்த்துவந்து, பெரிய ஓட்டல்களும் இரவுக் கேளிக்கையும் இல்லாத ஊரே தமக்கு வேண்டும் என்று வாதிட்டனர். அமைதிக்காகக் காக்கப்பட்ட ஊர் அந்த அமைதியாலேயே புகழ்பெற்று இன்று கூட்டத்தில் திணறுகிறது.

1987 ஏப்ரல் 1 அன்று ஜப்பானிய தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டது. கியூஷு பகுதியைப் பெற்ற நிறுவனம் இழப்பில்தான் ஓடும் என்பது முன்பே தெரிந்திருந்தது. எனவே வட்டியைக் கொண்டு அவ்விழப்பை ஈடுசெய்ய 38,770 கோடி யென் நிதி அதற்கு வழங்கப்பட்டது. சிகுஹோவின் கரிப்பாதைகள் பல அந்தப் பத்தாண்டிலேயே மூடப்பட்டன. எஞ்சிய பாதைகளில் கூட்டம் சேர்க்க நிறுவனம் கண்ட வழிதான் சுற்றுலா ரயில். 1989இல் யுஃபுயினுக்குப் பச்சை வண்ண ரயில் ஓடியது. வடிவமைப்பாளர் மிதோஓகா எய்ஜியின் கைவண்ணத்தில் மரம் இழைத்த பெட்டிகள் பல தொடர்ந்தன. 2013இல் படுக்கையறைகள் கொண்ட ‘ஏழு விண்மீன்கள்’ என்ற ஆடம்பர ரயில் வந்தது. 2016இல் நிறுவனம் பங்குச்சந்தையில் நுழைந்தபோது, அதன் வருவாயின் பெரும்பலம் நிலையக் கட்டடங்களிலும் மனைத்தொழிலிலும் இருந்தது. பங்குதாரருக்குக் கணக்குக் காட்டவேண்டிய நிறுவனம், பள்ளிப்பிள்ளைகளும் முதியோரும் மட்டுமே ஏறும் மலைப்பாதையை என்ன கண்ணோடு பார்க்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அந்தக் கேள்வியை வெள்ளம் கேட்டது. 2017 மழையில் சிதைந்த ஹிதாஹிகோசான் பாதையின் தென்பகுதியில் தண்டவாளம் திரும்ப வரவில்லை. 2023 முதல் அங்குப் பேருந்து ஓடுகிறது. 2020 ஜூலையில் குமா ஆறு பெருகி, நூற்றாண்டு கடந்த இரு இரும்புப் பாலங்களை அடித்துச் சென்றது. யாட்சுஷிரோவிலிருந்து யோஷிமாட்சு வரை ரயில் நின்றுபோயிற்று. மறுசீரமைப்புக்குச் சுமார் 2,350 கோடி யென் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. யாட்சுஷிரோ–ஹிதோயோஷி பகுதியின் நாளொன்றுக்கான சராசரிப் பயணியர் அடர்த்தி 1987ஆம் நிதியாண்டில் 2,171, 2019இல் 414. ஹிதோயோஷிக்குத் தெற்கேயுள்ள மலைப்பகுதியில் அது வெறும் 106. தண்டவாளத்தை உள்ளூர் ஆட்சி ஏற்க, ரயிலை நிறுவனம் ஓட்டுவது என்ற ஏற்பாட்டில் ஹிதோயோஷி வரையிலான பகுதியை மீட்க 2024இல் இசைவு ஏற்பட்டது. 2033 வாக்கில் ரயில் திரும்பும் என்பது இலக்கு. ஒகோபாவும் யதாகேவும் மசாகியும் அந்த இசைவுக்கு வெளியே நிற்கின்றன.

அந்த மலைப்பகுதியில் வெள்ளத்துக்கு முன் ஓடிய சுற்றுலா ரயிலுக்கு, சுரங்கவாயிலில் எழுதிய இருவரின் பெயராலேயே ஒரு திசையில் ‘இசபுரோ’ என்றும் மறுதிசையில் ‘ஷின்பெய்’ என்றும் பெயர். ஓட வழியற்றுப்போன அந்தப் பெட்டிகளை நிறுவனம் 2023இல் ஓய்வளித்து, கருவண்ணம் பூசி, உள்ளே புதிதாக இழைத்தது. 2024 ஏப்ரல் முதல் அவை ஹகதாவிலிருந்து யுஃபுயின் வழியாகப் பெப்புவுக்கு ஓடுகின்றன. இப்போது அவற்றின் பெயர், ஒரு திசையில் ‘கன்பாச்சி’, மறுதிசையில் ‘இச்சிரோகு’.