ஒளிப்படப் பயிற்சிப் பணி

ஒளிப்படப் பயிற்சிப் பணி என்பது ஒளிப்படக் கலையைக் கற்போர், முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஒரு கருப்பொருளையோ கட்டுப்பாட்டையோ ஏற்று, குறித்த காலத்துக்குள் படமெடுத்து, எடுத்தவற்றைப் பிறருடன் சேர்ந்து ஆராயும் கற்றல் முறை ஆகும். இது ஒளிப்படச் சவால் எனவும் அழைக்கப்படும். "ஒரே வில்லையைக் கொண்டு ஒரு தெருவைப் படமெடுக்க", "ஒரு நாளில் 36 படங்களுக்கு மேல் எடுக்காதே" போன்றவை இதற்கு எளிய எடுத்துக்காட்டுகள். போட்டியில் பரிசு முதன்மை பெறுகின்றது. பயிற்சிப் பணியிலோ தோல்வியுற்ற படமும் கற்றலின் ஒரு பகுதியாகக் கொள்ளப்படுகின்றது. எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பணியே வரையறுப்பதால், எது பார்க்கப்படாமல் விடுபடுகின்றது என்பதும் பணியை வகுப்பவரைப் பொறுத்ததே.

வரலாறு

தமிழகத்தில் ஒளிப்படக் கல்வி 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கியது. 1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் நிறுவிய சென்னை ஓவியப் பள்ளியில் அப்பத்தாண்டிலேயே ஒளிப்படமும் கற்பிக்கப்பட்டது. இப்பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி ஆகும். 1856 இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களையும் கட்டடங்களையும் பதிவு செய்தார். இது அரசு வகுத்துக் கொடுத்த பணியாகும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையைப் பல படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கினார். அக்காலத் தாள் எதிர்ப்படங்களுக்கு நீண்ட நேரம் ஒளி தேவைப்பட்டது. எனவே நடமாடும் மனிதர் அவருடைய படங்களில் அரிதாகவே காணப்படுகின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவில் 1935 முதல் அரசு சார்ந்த ஒளிப்படத் திட்டம் ஒன்றை ராய் ஸ்ட்ரைக்கர் வழிநடத்தினார். டோரத்தியா லாங்கே, வாக்கர் எவன்ஸ் உள்ளிட்டோர் அதில் பணியாற்றினர். எவ்வெவற்றைப் பார்க்க வேண்டும் என்று பட்டியலிட்ட குறிப்புகளை ஸ்ட்ரைக்கர் அவர்களுக்கு அனுப்பி வந்தார். 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகியோர் சீனாவின் யுன்னான் மாகாணத்துச் சிற்றூர்ப் பெண்களிடமே ஒளிப்படக் கருவியைக் கொடுத்து, அவர்தம் வாழ்வை அவர்களே பதிவு செய்யுமாறு கேட்டனர். படம்பிடிக்கப்படுபவரே படமெடுப்பவராக மாறும் இம்முறை பின்னர் பல நாடுகளில் பின்பற்றப்பட்டது.

தமிழ்நாட்டில் அண்மைய எடுத்துக்காட்டாக, அபுல் கலாம் ஆசாத் முன்னின்று நடத்திய "திட்டம் 365" குறிப்பிடத்தக்கது. இதில் பங்குகொண்டோர் 2014-15 காலத்தில் திருவண்ணாமலையின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்தனர். மதுரையைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் மு. பழனி குமார் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு ஒளிப்படப் பயிலரங்குகள் நடத்தியுள்ளார்.

பணியின் கூறுகள்

ஒரு பயிற்சிப் பணியில் பொதுவாக நான்கு கூறுகள் உள்ளன.

1. கருப்பொருள்: "நிழல்", "கைகள்", "காத்திருத்தல்" போன்ற ஒரு சொல் அல்லது ஓரிடம்.
2. கட்டுப்பாடு: கருவி, நேரம், தொலைவு, படங்களின் எண்ணிக்கை ஆகியவற்றுள் ஒன்றுக்கு விதிக்கப்படும் எல்லை.
3. காலக்கெடு: ஒரு மணி நேரம் முதல் ஓராண்டு வரை.
4. மீளாய்வு: எடுத்த படங்களைத் தெரிந்தெடுத்துப் பிறருடன் உரையாடல்.

இவற்றுள் கட்டுப்பாடே பயில்வோரைப் பழக்கத்திலிருந்து விலக்குவது. அண்மைப்படுத்தும் வசதியற்ற ஒரே வில்லையைப் பயன்படுத்துபவர், பொருளைப் பெரிதாகக் காட்டத் தாமே நடந்து நெருங்க வேண்டும். படச்சுருள் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்கள் என்ற எல்லை தானாகவே அமைந்திருந்தது. எண்ணிமக் கருவியில் அவ்வெல்லை இல்லை. ஆதலால் பணியின் வாயிலாக அது மீண்டும் கொண்டுவரப்படுகின்றது.

போடிமெட்டுச் சரிவில் பயிற்சிகள்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலிருந்து தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலை, கொச்சி-தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85 இன் ஒரு பகுதியாகும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட இச்சாலை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்கின்றது. ஒரே பயணத்தில் வெப்பமான சமவெளி, வறண்ட புதர்க்காடு, மூடுபனி, நிழலடர்ந்த ஏலத்தோட்டம் ஆகியவற்றைக் காணலாம். எனவே ஒளியின் வேறுபாடுகளைக் கற்க இது ஏற்ற களமாகும். கீழ்க்காண்பவை இக்களத்துக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டுப் பணிகள் ஆகும்.

ஒரே இடம், மூன்று வேளை: இச்சரிவு கிழக்கு நோக்கியது. காலைக் கதிர்கள் நேராக மலைமீது விழுந்து பாறைகளையும் வளைவுகளையும் துலக்குகின்றன. பிற்பகலில் கதிரவன் மலைமுகட்டுக்கு அப்பால் சாய்வதால் சரிவு நிழலுக்குள் மூழ்க, சமவெளி மட்டும் ஒளிர்கின்றது. பாதுகாப்பான ஓரிடத்திலிருந்து காலை, நண்பகல், மாலை என மூன்று படங்கள் எடுத்து ஒப்பிடுவது பணியாகும்.

மூடுபனி: கருவியிலுள்ள ஒளிமானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே அளவிடும். அதனால் வெண்பனி படத்தில் மங்கிச் சாம்பலாகத் தோன்றும். ஒளியளவைச் சற்றுக் கூட்டி எடுத்தால் பனி வெண்மையாகும். கூட்டாமலும், ஒரு படி கூட்டியும், இரு படி கூட்டியும் எடுத்துப் பார்த்தால் இக்கருத்து எளிதில் விளங்கும்.

ஏலத்தோட்டம்: ஏலச்செடி நிழலில் வளர்வது. மரச்செறிவினூடே வரும் ஒளி குறைவானது; பச்சைச் சாயல் மிக்கது. பூவும் காயும் செடியின் உச்சியில் அன்றி, அடியிலிருந்து தரையோரமாக நீளும் சரங்களில் தோன்றுகின்றன. நின்றபடி எடுத்த படத்தில் இலைகள் மட்டுமே பதியும். காய் பறிப்பவர் குனிந்த அல்லது அமர்ந்த நிலையில் முதுகு மட்டுமே தெரியும். "கருவியை முழங்காலுக்கு மேலே உயர்த்தாதே" என்ற கட்டுப்பாடு, காயையும் பறிக்கும் கைகளையும் ஒருசேரக் காட்டுகின்றது. உடல் உழைப்பின் தன்மையை இவ்வொரு கட்டுப்பாடு உணர்த்திவிடும்.

காயின் பயணம்: ஏலக்காய் பறிக்கப்பட்டபின் உலர்த்தப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, ஏல விற்பனைக்கு வருகின்றது. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் போடிநாயக்கனூரிலும் கேரளத்தின் புற்றடியிலும் அமைந்துள்ளன. செடி முதல் கடை வரை பத்துப் படங்களில் கூறுவது தொடர்படப் பணியாகும்.

அன்றும் இன்றும்: மதுரை-போடிநாயக்கனூர் மீட்டர் இருப்புப்பாதை அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காக 2010 ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. 2023 சூன் 15 அன்று போடி வரை தொடர்வண்டி மீண்டும் இயங்கத் தொடங்கியது. வீடுகளில் உள்ள பழைய குடும்பப் படங்களைத் திரட்டி, அவை எடுக்கப்பட்ட இடத்திலேயே நின்று மீண்டும் எடுப்பது இப்பணி. ஊரின் மாற்றத்தை ஆவணப்படுத்த இது உதவும்.

மீளாய்வு

பயிற்சிப் பணியில் பெரிதும் புறக்கணிக்கப்படும் கூறு இதுவே. "நன்றாக உள்ளது" என்னும் பாராட்டு கற்போருக்கு உதவுவதில்லை. படத்தில் கண் முதலில் எங்குச் செல்கின்றது, எதை நீக்கினால் பொருள் மாறாது, பணியின் கட்டுப்பாடு எங்கே உதவிற்று அல்லது தடுத்தது ஆகிய வினாக்கள் பயன்தருவன. எடுத்தவர் முதலில் பேசாதிருந்து, பார்ப்போர் கண்டதைக் கூறிய பின்னர் தம் எண்ணத்தை வெளியிடுவது நல்ல முறையாகும். எண்ணியதற்கும் பிறர் கண்டதற்கும் இடையிலான வேறுபாடே அடுத்த பணிக்கு அடிப்படையாகின்றது.

ஒப்புதலும் பாதுகாப்பும்

போடிப் பகுதியிலிருந்து நாள்தோறும் காலையில் ஜீப்புகளில் கேரள ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்பும் தொழிலாளர்கள் உள்ளனர். இவர்களுள் பெண்கள் மிகுதி. சாலையின் அழகை மட்டும் கோரும் பணிகளில் இவர்கள் இடம்பெறுவதில்லை. இடம்பெறும்போதும் பல நேரங்களில் கேட்காமலேயே எடுக்கப்படுகின்றனர். படமெடுக்கும் முன் நோக்கத்தைக் கூறி ஒப்புதல் பெறுவதும், வேலைக்கு இடையூறு செய்யாதிருப்பதும், எடுத்த படத்தின் படியை அவர்களுக்குத் தருவதும் பணியின் விதிகளாகவே எழுதப்பட வேண்டியவை. தோட்டங்கள் தனியார் உடைமை என்பதால் உரிமையாளரின் இசைவும் தேவை.

2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகிலுள்ள குரங்கணி மலைப்பகுதியில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். இதன் பின்னர் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் வகுத்தது. வனத்துறை இசைவின்றிக் காட்டுக்குள் செல்லத் தூண்டும் எப்பணியும் தவிர்க்கத்தக்கது. கொண்டை ஊசி வளைவுகளில் சாலையில் நின்று படமெடுப்பதும் இடர் மிக்கது.

குறைகள்

தொடர்ந்து பிறர் தரும் பணிகளையே செய்பவர், தாமே ஒரு பொருளைத் தேர்ந்து நெடுநாள் பின்தொடரும் ஆற்றலைப் பெறாமற் போகலாம். நாளொரு படம் போன்ற சவால்களில் எண்ணிக்கையை நிறைவு செய்வதே நோக்கமாகிவிடுவதும் உண்டு. இதனால் சில பணிகளுக்குப் பின், கற்போரே தமக்கும் பிறருக்குமான பணியை வகுக்குமாறு கேட்பது பயனுடையது. தாம் நாள்தோறும் கடந்தும் இதுவரை படமெடுக்காத ஒன்றைத் தேர்ந்து கொள்வது, அவ்வாறு வகுப்பதற்கு நல்ல தொடக்கமாகும்.

இவற்றையும் பார்க்க

- ஒளிப்படவியல்
- ஆவண ஒளிப்படம்
- போடிநாயக்கனூர்
- ஏலக்காய்