கவலை போன கிணறு

எங்க கொங்குப் பக்கம் மாடு பூட்டித் தண்ணி இறைக்கிறதுக்குப் பேரே கவலைதான். தெற்கே கமலைன்னு சொல்லுவாங்க. ரெண்டு மாடு, ஒரு வடம், தோல் சால். மாடு சரிவில் இறங்கும்போது ஓட்டுறவர் வடத்து மேல உட்கார்ந்துக்குவார். அந்தப் பாரமும் இழுவைக்கு உதவும். தோட்டத்துக்குள்ள மடை மாத்த இன்னொரு ஆள் வேணும். பாத்தி நிறைஞ்சா அங்கிருந்து ஒரு குரல், இங்கிருந்து பதில் குரல். ஒத்தை ஆளா வெள்ளாமை பண்ண முடியாது.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது. மெல்ல மெல்லக் கிணத்து மேட்டில் மோட்டார் ஏறியது. 1990இல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானபோது எங்க ஊரில் கவலை ஓட்ட யாரும் மிச்சமில்லை.

அது பொற்காலம்னு சொல்ல வரலைங்க. சால் தைத்தவரும், விடியுமுன்னே மாட்டைப் பூட்டியவரும் பெரும்பாலும் அருந்ததியர் பண்ணையாட்கள். அந்தச் சேர்க்கை அவங்க விரும்பித் தேடிக்கிட்டது இல்லை. நான் ஏங்குற மாதிரி அவங்க வீட்டுப் பிள்ளைகள் ஏங்க மாட்டாங்க.

ஆனா நடுராத்திரி மும்முனை கரண்ட் வரும்போது டார்ச்சோட தனியாக் கிணத்துக்குப் போனா, மோட்டார் சத்தத்தைத் தவிரத் துணை கிடையாது. போன வருசம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன்கிட்டப் பேசி, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தண்ணி கட்டுறதுன்னு வச்சுக்கிட்டோம். வேலைக்கு அது தேவையே இல்லை. இருட்டில் வரப்பு மேல நின்னு, "ஆச்சுங்களா தம்பி?"ன்னு கேப்பார்.

"இன்னும் ரெண்டு பாத்தி இருக்குதுங்கண்ணா."