மாமியார் பெட்டியில் பழைய நோட்டு... எது செல்லும், எது செல்லாது?

மாத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, மாமியார் காலமான பிறகு அவங்க டிரங்குப் பெட்டியைத் திறந்தாங்க. புடவை மடிப்புக்குள்ள மூணு 2,000 ரூபாய் நோட்டு, எட்டு பழைய 500 ரூபாய் நோட்டு, ஒரு கை சில்லறை. ``எல்லாம் போச்சா?''ன்னு கண் கலங்கிட்டாங்க. எல்லாம் போகலை.

2,000 ரூபாய் நோட்டை 2023 மே 19-ல் ரிசர்வ் வங்கி புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாகத்தான் அறிவித்தது. செல்லாது என்று சொல்லவில்லை. வங்கிக் கிளைகளில் மாற்றும் அவகாசம் 2023 அக்டோபர் 7-உடன் முடிந்தது. அதன் பிறகு நாடு முழுக்க 19 ரிசர்வ் வங்கி அலுவலகங்களில்தான் மாற்ற முடியும். அதில் ஒன்று நம்ம ராஜாஜி சாலையில், பீச் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருப்பது வடசென்னைக்காரங்களுக்கு வசதி. ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை மாற்றலாம். கணக்கில் வரவு வைக்கவும் கேட்கலாம். அடையாள அட்டையும் பாஸ்புக் நகலும் கையில் இருக்கட்டும். அலைய முடியாத பெரியவங்க தபாலில் அனுப்பினால் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். கிளம்பும் முன் ரிசர்வ் வங்கி இணையதளத்தை ஒருமுறை பார்த்துக்கோங்க. `கமிஷன் கொடுங்க, மாத்தித் தர்றேன்'னு வர்றவங்களிடம் மட்டும் நோட்டை நீட்டாதீங்க.

2016 நவம்பர் 8 இரவு செல்லாததாக்கப்பட்ட 500, 1,000 கதை வேறு. அதை இனி எங்கேயும் மாற்ற முடியாது. 2017-ல் வந்த சட்டப்படி பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பதே குற்றம்; நாணயவியல், ஆராய்ச்சிக்கு என்றால் 25 வரை. அபராதம் 10,000 ரூபாய் அல்லது நோட்டின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது.

சில்லறையில், 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 பைசா இன்றைக்கும் செல்லும். கடைக்காரர் முகம் சுளிக்கிற 10 ரூபாய் நாணயமும் அப்படித்தான், 14 டிசைனும் செல்லும்.

கிழிந்த, எலி கடித்த நோட்டுக்கு ராஜாஜி சாலை வரை போக வேண்டாம், பக்கத்து வங்கிக் கிளையே போதும். 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், 80 சதவிகிதத்துக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழுத் தொகை கிடைக்கும்.

`பழைய நோட்டுக்கு லட்சம் தர்றோம், முதல்ல வரி கட்டுங்க'ன்னு ரிசர்வ் வங்கி பெயரில் வரும் மெசேஜ் மோசடி. அந்த வங்கி அப்படி எந்த வியாபாரமும் செய்வதில்லை.

அக்கா 6,000 ரூபாயை மட்டும் தனியா எடுத்து பர்ஸில் வெச்சுக்கிட்டாங்க. எட்டு 500 ரூபாய் நோட்டும் திரும்ப அதே புடவை மடிப்புக்குள்ள போயிடுச்சு.