விரால் மேல்நீர்த் தூண்டில்

நீருக்குள் மூழ்காமல், நீர்மட்டத்திலேயே மிதந்தும் தத்தியும் வரும் இரையைக் காட்டி வேட்டை மீன்களைப் பிடிக்கும் முறை மேல்நீர்த் தூண்டில் எனப்படும். இரை உயிருள்ள தவளையாகவோ மரம், ரப்பர், பிளாஸ்டிக் ஆகியவற்றால் ஆன பொய்யிரையாகவோ இருக்கலாம். பொய்யிரையை இன்றைய தூண்டில்காரர்கள் ‘லூர்’ என்றும், தவளை வடிவ லூரை ‘ஃப்ராக்’ என்றும் அழைக்கின்றனர். தமிழ்நாட்டின் அணைகளிலும் கண்மாய்களிலும் இம்முறையில் பிடிபடும் மீன்களுள் தலையாயது விரால்.

இடம்

விரால் வாழும் நீர்நிலைகளுக்குக் கூமாப்பட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இவ்வூர் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. இதன் மேற்கே பிளவக்கல் திட்டத்தின் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் உள்ளன. 1970களில் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணைகளின் உயரம் முறையே சுமார் 47 அடியும் 42 அடியும் ஆகும். இங்குள்ள பெரியாறு இம்மலையிலேயே தோன்றும் சிற்றாறு. முல்லைப் பெரியாற்றுடன் இதற்குத் தொடர்பில்லை. அணைகளிலிருந்து வெளியேறும் நீர் கண்மாய்களை நிரப்பி, அர்ச்சுனா ஆற்றின் வழியே வைப்பாற்றைச் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் கரை விலகும் இந்நீர்நிலைகளின் ஓரங்களில் அல்லியும் கோரையும் நாணலும் மண்டுகின்றன. விரால் விரும்பித் தங்கும் இடம் இத்தகைய ஓரமே.

பெயரும் வகைப்பாடும்

சங்க நூல்கள் இம்மீனை ‘வரால்’ என்கின்றன. பேச்சு வழக்கில் அது விரால் ஆயிற்று. அறிவியல் உலகில் இதை முதலில் பதிவு செய்தவர் பெர்லின் நகர மருத்துவரும் மீனியல் அறிஞருமான மார்க்கஸ் எலீசர் பிளாக். பாம்புத் தலை என்று பொருள்படும் ‘ஓபிசெபாலஸ்’ என்ற பேரினத்தை உருவாக்கி, 1793இல் விராலை அதில் ஸ்ட்ரையேட்டஸ் என்றும் அதன் உறவான குறவையை பங்க்டேட்டஸ் என்றும் பெயரிட்டார். பிளாக்குக்குத் தமிழகத்து மீன்களைப் பதப்படுத்தி அனுப்பி வந்தவர் தரங்கம்பாடியில் பணியாற்றிய மிஷனரி கிறிஸ்டோப் சாமுவேல் ஜான்.

1801இல் பிரெஞ்சு அறிஞர் லாசெபேத் இதே மீன்களுக்கு ‘ஓபிசெபாலஸ் வ்ரால்’, ‘ஓபிசெபாலஸ் கருவே’ என்று வேறு பெயர்கள் சூட்டினார். விரால், குறவை என்ற தமிழ்ச் சொற்களே அவை. தமிழ்நாட்டுக் கரையில் மீன்காரர் சொன்ன சொல் பாரிஸ் அச்சகம் வரை போய் லத்தீன் உடை உடுத்தி நின்றது. முன்னதாகப் பெயரிட்டவருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி அப்பெயர்கள் இன்று வழக்கில் இல்லை. இணைப்பெயர்ப் பட்டியல்களில் மட்டும் உள்ளன. பேரினத்தின் பெயரும் அதே விதிப்படி ‘சன்னா’ என மாறியது.

விரால் குடும்பத்தில் தமிழ்நாட்டுத் தூண்டில்காரர் அறிந்த இனங்கள் முக்கியமாக மூன்று. சன்னா ஸ்ட்ரையேட்டா என்னும் விரால் கண்மாய், வயல், குளம் எங்கும் காணப்படுவது. சன்னா மருலியஸ் என்னும் பூவிரால் ஆழமான அணைகளையும் ஆறுகளையும் சார்ந்தது. ஒரு மீட்டரைத் தாண்டி வளர்வது. வாலின் அடிப்பகுதியில் உள்ள கண் போன்ற கரும்புள்ளியால் இதை அடையாளம் காணலாம். சன்னா பங்க்டேட்டா என்னும் குறவை சிறியது. இம்மூன்றைத் தவிர, மலையோடைகளில் வாழும் சன்னா காச்சுவா குறவையினும் சிறியது. மருலியஸ், காச்சுவா ஆகிய பெயர்களை 1822இல் வழங்கியவர் கங்கைக் கரையில் ஆய்வு செய்த ஹாமில்டன். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் குறித்த பெருநூலில் இவ்வினங்களை ஒழுங்குபடுத்தினார்.

மீனின் இயல்பு

மேல்நீர்த் தூண்டில் விராலிடம் பலிப்பதற்குக் காரணம் அதன் மூச்சு. செவுள்களுக்கு மேலே உள்ள சிறப்பு அறையின் உதவியால் விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது. மேலே வர முடியாமல் நீருக்கடியில் அடைபட்டால் மூச்சுத் திணறி இறந்துவிடும். எனவே நாள் முழுவதும் அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். கோடையில் கண்மாய் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து உயிர் தரிப்பதும் இவ்வியல்பால்தான். ஆழமற்ற நீரில் செடிகளின் நிழலில் அசையாமல் கிடந்து, மேலே தத்தும் தவளையையும் கரையோரச் சிறு மீன்களையும் ஒரே பாய்ச்சலில் கவ்வுவது அதன் வேட்டை முறை.

விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் திரண்டு, நீர்மட்டத்தில் கொதிக்கும் நீர் போலக் குமிழியிட்டு நகரும். அதன் அடியில் பெற்ற மீன் நிற்கும். கூட்டத்தை நெருங்கும் எதையும், பசியில்லாவிட்டாலும், அது தாக்கும்.

பழைய குறிப்புகள்

விராலைத் தூண்டிலில் பிடிக்கும் காட்சிக்குத் தமிழில் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று அகநானூற்றின் 36ஆம் பாடல். மதுரை நக்கீரனார் பாடிய இம்மருதத் திணைப் பாடலில், வரிகள் கொண்ட ஆண் வரால் வளைந்த இரும்பு முள்ளில் கோத்த இரையை விழுங்குகிறது. ஆம்பல் இலை கிழியவும் குவளை மலர்கள் சிதையவும் பாய்ந்தெழுகிறது. வள்ளைக் கொடிகளை உழக்கி, தூண்டில்காரன் இழுத்தும் வராமல், கயிற்றில் கட்டிய சினம் மிக்க காளையைப் போல விடியற்காலைப் பொய்கையைக் கலக்குகிறது. இலை மண்டிய நீர், விடியல் நேரம், இரையை விழுங்கிப் பாய்ந்தெழுந்து செடிகளைக் கலக்கும் மீன் என்று இன்றைய தூண்டில்காரர் காணும் பலவும் அதில் உள்ளன. விரால் தூண்டிலின் பழைய சித்திரம் என்று இப்பாடலைக் கொள்ளலாம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை கருவிகளையே விவரிக்கிறது. பச்சை இறைச்சி இட்ட தோல் பையைத் தோளில் மாட்டிய பாண்மகன், நெடிய மூங்கில் கோல், அதில் பூட்டிய நாண், வளைந்த இரும்பு முள் ஆகியன அங்கு வருகின்றன. இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிய வாளை மீன், பின்னர் நீரோரப் பிரம்பின் நடுங்கும் நிழலைக் கண்டும் அஞ்சுகிறது. கரையில் தன் நிழல் நீரில் விழாமல் நிற்க வேண்டும் என்பது இன்றும் தூண்டில்காரர் முதலில் கற்கும் பாடம்.

12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம், மீன்பிடித்தலை அரசர்க்குரிய பொழுதுபோக்காக விளக்குகிறது. ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873இல் ஒரு நூலும், குளங்களில் தூண்டில் போடுவது பற்றியே 1887இல் மற்றொரு நூலும் எழுதினார். 

தவளைத் தூண்டில்

தென்மாவட்டக் கண்மாய்க் கரைகளில் வழங்கிவரும் முறை எளியது. நீண்ட மூங்கில் கம்பு, அதன் நுனியில் குறுகிய தடித்த நரம்பு (தூண்டில் இழை), பெரிய ஒற்றை முள். சிறு தவளை ஒன்றை முள்ளில் மாட்டி, அல்லி இலைகளுக்கு இடையே உள்ள சிறு நீர்வெளியில் இறக்குவர். கம்பின் நுனியை மெல்ல ஆட்ட, தவளை நீர்மட்டத்தைத் தட்டித் தட்டித் தத்தும். தக்கையோ ஈயமோ தேவையில்லை. ‘ப்ளக்’ என்ற ஓசையுடன் தவளை மறைந்தால் உடனே இழுக்கக் கூடாது. மீன் இரையை வாய்க்குள் திருப்பிக்கொள்ளச் சிறிது நேரம் கொடுத்த பின்னரே கம்பைத் தூக்குவர்.

பொய்யிரை

மேல்நாட்டுப் பொய்யிரையின் வரலாற்றிலும் தவளைக்கு இடமுண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டோவாஜியாக் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெடன், செதுக்கிய மரத்துண்டை நீரில் எறிந்தபோது ஒரு மீன் அதைத் தாக்கியதாகவும், அதைக் கண்டு 1890களின் இறுதியில் மரத் தவளைகளைச் செதுக்கத் தொடங்கியதாகவும் சொல்லப்படுகிறது. அவர் தொடங்கிய நிறுவனம் மேல்நீர்ப் பொய்யிரைகளை உலகெங்கும் பரப்பியது.

இன்று வழக்கில் உள்ளவை முக்கியமாக மூன்று வகை. முகம் கிண்ணம் போலக் குழிந்த பாப்பர், இழுக்கும்போது நீரைத் துப்பி ஓசை எழுப்பும். பென்சில் என்னும் நீள்வடிவ இரை இடமும் வலமுமாக நெளிந்து வரும். உள்ளீடற்ற ரப்பர் ஃப்ராக்கில் இரட்டை முட்கள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். செடியில் சிக்காது, மீன் கவ்வி அமுக்கும்போது மட்டுமே முள் வெளிப்படும். விராலுக்கு இவற்றுள் ஏற்றது ஃப்ராக்.

பிடிக்கும் முறை

ஆறரை அல்லது ஏழு அடி நீளமுள்ள விறைப்பான தூண்டில் கோலும், வலுவான பின்னல் நரம்பும் இதற்குத் தேவை. மெல்லிய நரம்பு கோரைக்குள் புகும் விராலைத் தாங்காது. ஃப்ராக்கைச் செடியின் மேலேயே எறிந்து, இலையில் ஊரவிட்டு, இலை விளிம்பிலிருந்து ‘தொப்’பென நீரில் விழச் செய்ய வேண்டும். விழுந்த இடத்தில் எழும் நீர்வளையம் அடங்கும்வரை அசைக்காமல் விட்டு, பின் இருமுறை துள்ளவிட வேண்டும். பின்னால் நீர் அம்பு போலப் பிளந்து வந்தால் மீன் தொடர்கிறது என்று பொருள். அப்போது வேகத்தை மாற்றாதிருப்பது நன்று. மீன் இரையைத் தாக்கியதும், மனத்துக்குள் இரண்டு எண்ணி, நரம்பில் கனம் தெரிந்த பின் இழுக்க வேண்டும். விடியலும் அந்தியும், மழை ஓய்ந்த புழுக்கமான நாள்களும் சிறந்த நேரங்கள்.

குஞ்சுக் கூட்டத்தின் மேல் இரையை எறிவது எளிதில் மீன் தரும். ஆயினும் காவல் மீன் போனபின் குஞ்சுகளைப் பிற மீன்களும் கொக்குகளும் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையை இழக்கும் இச்செயலை முறையறிந்த தூண்டில்காரர் செய்வதில்லை.

இன்றைய நிலை

2025ஆம் ஆண்டில் சமூக ஊடகக் காணொளிகளால் கூமாப்பட்டி தமிழகமெங்கும் பேசப்பட்டது. அங்கு தூண்டில் போட வருவோர் கவனிக்க வேண்டிய விதிகள் உண்டு. கண்மாய்களின் மீன்பாசி உரிமை ஏலத்தில் விடப்படுவதால், அவ்விடங்களில் தூண்டில் போடக் குத்தகைதாரரின் இசைவு வேண்டும். பிளவக்கல் அணைகளை ஒட்டிய மலைப்பகுதி 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. காப்பக எல்லைக்குள் மீன்பிடிக்கத் தடை உண்டு.