சந்திரம்மாளின் மகள் எழுதிய நூல்கள்

ஏழு கிராம ராகங்களுக்குரிய ஸ்வரக் கோவைகளை ஏழாம் நூற்றாண்டிலேயே குடுமியான்மலைப் பாறையில் பொறித்து வைத்த புதுக்கோட்டைச் சீமைக்குச் சங்கீதம் புதிதன்று. அச்சீமையை ஆண்ட தொண்டைமான்களின் குலதெய்வமாகிய திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் சந்நிதியை அண்டி வாழ்ந்த கலைஞர் குடும்பங்களும் பல. ஆனால் ஸ்வரத்தைக் கல்லிலே நிலைநிறுத்திய அந்த அக்கறை, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த இல்லங்களின் உள்வாழ்வைப் பதிவு செய்வதில் எவருக்கும் இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டில் அத்தகைய இல்லமொன்றின் வழிவந்த ஒரு பெண்மணி எழுதுகோல் ஏந்தினார். அவரோ அக்கலையின் பக்கம் அதிகம் திரும்பாமல், வெளியே செல்லும் வாசலை நோக்கியே எழுதினார்.

அவரே டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி. அவர் பிறந்தது 1886 ஜூலை 30ஆம் நாள். தந்தை நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராயிருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். சாஸ்திரக் கல்வியும் சங்கீத பரம்பரையும் கூடிய அவ்வீட்டுக்கு ஊர் அளித்த பரிசு விலக்கமே. அந்த மகள் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, பெண் என்பதோடு பிறப்பையும் காட்டி ஆட்சேபம் எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்ட பிறகே 1904இல் இடம் கிடைத்தது. மூடு வண்டியில் வந்து, திரைக்குப் பின்னே அமர்ந்து, மாணவர் கண்ணில் படாமல் அவர் பாடம் கேட்டார். முன்னோர் சபை நடுவே நின்று ஆடவும் பாடவும் தடை சொல்லாத சமூகம், அவ்வழி வந்த பெண் புத்தகத்தோடு வகுப்பில் அமர்வதற்குத் திரை கேட்டதென்றால், அதன் தர்மத்தை என்னவென்று சொல்வது!

1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவரானார். அங்குப் பெற்ற அனுபவங்களை 1930இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். சுயசரிதை வெளிவந்தது 1964இல். இவற்றைக் கலைஞர் வாழ்க்கையின் சரித்திரமாக எண்ணிப் படிக்கத் தொடங்குகிறவருக்கு ராகமும் அபிநயமும் அகப்படுவது அரிது. கல்வி, வைத்தியம், சட்டம், அவர் நிறுவிய அவ்வை இல்லம் ஆகியவையே அவற்றின் விஷயம். இதை நான் குறையென்று கருதவில்லை. கலையின் பெருமையைக் காட்டியே, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டுதலை நியாயப்படுத்தியவர்களோடு போராடியவர், அந்தப் பெருமையை மறுபடி எடுத்தோதுவார் என்று எதிர்பார்ப்பதே பிசகு.

அவரை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. 1887இல் திருமயத்தில் பிறந்து, அதே மகாராஜா கல்லூரியில் பயின்றவர். ஆக, ஒரே சமஸ்தானத்தின் மக்கள் இருவர் மாகாணச் சபையில் எதிரெதிரே நின்றனர். தாசி மரபு ஒழிந்தால் கலையும் ஒழியுமென்பது ஒருவர் வாதம், அந்தக் கலைக்காகப் பெண்பிள்ளையின் வாழ்வை விலையாகக் கொடுக்கலாகாது என்பது மற்றவர் வாதம். தேவதாசி இனத்தைச் சேர்ந்த பெங்களூர் நாகரத்தினம்மாளே, பொட்டுக் கட்டுதலை ஒழிக்க முத்துலக்ஷ்மி கொண்டுவந்த மசோதாவை எதிர்த்தார். அதே மரபில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ என்னும் நாவலை எழுதி, முத்துலக்ஷ்மியின் பக்கம் நின்றார். இந்து அறநிலையச் சட்டத்துக்கு 1929இல் வந்த திருத்தம் கோயில் ஊழியக் கட்டாயத்தினின்று தேவதாசிகளின் மானிய நிலங்களை விடுவித்தது. பொட்டுக் கட்டுதலையே தடுத்த சட்டம் 1947இல் நிறைவேறியது. புதுக்கோட்டை அப்பொழுதும் தனிச் சமஸ்தானம். மாகாணத்தோடு அது இணைந்தது 1948 மார்ச்சில்.

இதற்கிடையே அவ்வூரின் லய சம்பத்து வேறு வழியில் வளர்ந்தது. உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிராவை மாமுண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்கு ஏற்றினார். அவர் சிஷ்யர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பெரும்புகழ் பெற்றார். தட்சிணாமூர்த்தி பிள்ளையிடமே மிருதங்கம் கற்றார் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் என்னும் பெண்மணி. ஆடவர் கைக்கே உரியதென்று கருதப்பட்ட வாத்தியத்தை மேடையில் வாசித்த அவர் சுயசரிதை எதுவும் எழுதியிருந்தால், முத்துலக்ஷ்மியின் நூல்கள் விட்டுச் சென்ற பக்கங்கள் அதில் இருந்திருக்கும். இசையறிஞர் பி.எம். சுந்தரம் பின்னாளில் ‘மரபு தந்த மாணிக்கங்கள்’ நூலில் தேவதாசிக் கலைஞர்களின் வரலாறுகளைத் தேடித் தொகுத்தார். முத்துலக்ஷ்மியின் சுயசரிதையைப் படித்து முடித்தவர்கள் அடுத்து அதை எடுப்பது நலம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.