சிம்பொனி நம்ம ஊருக்கும் வருமா? செல்லோ கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழி!

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதும், நம்ம ஊரெல்லாம் அதே பேச்சு. சரி, வெள்ளகோவிலில் தறி ஓட்டுற வீட்டுப் பிள்ளை ஒண்ணு, "அம்மா, நான் செல்லோ கத்துக்கிறேன்"னு கேட்டா என்ன செய்வீங்க?

சென்னையில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 2008-ல் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கிய ஏ.ஆர்.ரஹ்மானின் அறக்கட்டளை உருவாக்கியதுதான் 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா'. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக மேற்கத்திய இசை கற்றுக்கொடுத்து, ஒரே குழுவாக வாசிக்க வைக்கிறார்கள்.

உலக அளவில் இதற்கு முன்னோடி வெனிசுலா. 1975-ல் ஹோசே அந்தோனியோ ஆப்ரேயு, ஒரு கார் நிறுத்துமிடத்தில் 11 பேரோடு ஆரம்பித்த 'எல் சிஸ்தெமா'வில் படித்தவர்தான் உலகப் புகழ் கண்டக்டர் குஸ்தாவோ டுடாமெல்.

குழுவாக ஏன்?

தந்தி, மரக்குழல், பித்தளைக் குழல், தாளம் என நான்கு பிரிவுகள் சேர்ந்ததுதான் ஆர்கெஸ்ட்ரா. தனி டியூஷனில் வாசிக்கத்தான் பழகலாம். பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது, தன் முறை வரும்வரை மாத்திரையை எண்ணிக்கொண்டே காத்திருப்பது, இதெல்லாம் குழுவில்தான் வரும்.

செலவு எங்கே இடிக்குது?

வாத்தியத்துலதான்! சின்னப் பிள்ளைகளுக்கு கால், அரை, முக்கால் என அளவுக்கேற்ற வயலின்கள் உண்டு. பிள்ளை வளர வளர மாற்றணும். ஒவ்வொரு வீடும் தனித்தனியா வாங்கினால் கட்டுப்படியாகாது. பொதுவில் வாங்கி வைத்தால், பெரியவன் திருப்பிக் கொடுத்ததை அடுத்த பிள்ளை எடுத்துக்கலாம்.

நமக்குத் தெரிஞ்ச வழிதான்

சாயங்காலம் பொது இடத்தில் ஆசிரியர் சொல்லித்தர, பெரியவங்க, சின்னவங்க எல்லாம் ஒண்ணா பழகி, ஊர் கூடி அரங்கேற்றம் பார்ப்பது கொங்கு நாட்டுக்குப் புதுசு இல்லை. வள்ளிக்கும்மி அப்படித்தானே வளருது! அந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்த கோவை மாவட்ட ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீயே கிடைத்தது.

அதே ஏற்பாட்டில் பத்து வயலின், ஒரு ஆசிரியர், வாரம் ரெண்டு சாயங்காலம், பள்ளிக்கூடத்தில் ஒரு அறை இருந்தால் ஆரம்பிச்சிடலாம். செல்லோவும் குழலும் ஒவ்வொண்ணா சேரட்டும். ஒரு வருஷத்தோடு விட்டுடாமல் தொடர்ந்து நடத்துறதுதான் முக்கியம். கல்யாணத்துக்கு, கோயிலுக்கு நன்கொடை எழுதுற கை, ஒரு வயலினுக்கும் எழுதலாமே!